பிரதி 2217-ஐ மூடிய மகஜர்

நேரில் இருந்தவர்கள்:

1. திருமதி கோமதிநாயகி, கண்காணிப்பாளர், தேரிப்புரம் மத்தியச் சிறை.
2. திரு. உலகநாதன், முதல்நிலை வார்டர், மேற்படி சிறை.
3. மாசானமுத்து, வயது 56, ஆயுள் தண்டனைக் கைதி, எண் 2217.
4. திரு. பிலவேந்திரன், நிரல் பராமரிப்பாளர், ஒப்பந்தப் பணி.
5. துலா, பிரதி 2217. பத்தொன்பது நாட்களாகப் பதில் இல்லை.

ஐந்தாவது வரியைப் பிலவேந்திரன் இரண்டு முறை படித்தான்.

"மேடம், நிரலையும் ஆஜர்ல சேர்க்கணுமா?"

"மூடப்போற பொருளும் ஆஜர்ல இருக்கணும்னு சர்க்குலர்" என்றார் கோமதிநாயகி. "யார் எழுதினாங்கன்னு என்னைக் கேக்காதீங்க. நான் கையெழுத்துப் போடறவ மட்டும்."

மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. கேள்வி அறை என்று சிறையில் சொல்லப்படும் அந்த அறையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, சுவரில் பதித்த திரை ஆகியவைதான் இருந்தன. நாற்காலி கைதிக்கு மட்டும். மற்றவர்கள் நின்றுகொண்டார்கள். திரையின் நடுவை அடைத்துக்கொண்டு, துறை முத்திரையோடு ஒரு வரவேற்பு அறிவிப்பு ஒளிர்ந்தது. அதற்குப் பின்னால் துலாவின் சாம்பல் நிறப் பக்கம் ஓரங்களில் மட்டும் தெரிந்தது. மாசானமுத்து அந்தப் பக்கமே பார்க்கவில்லை. முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருப்பவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

துலாவின் வேலை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆயுள் கைதி ஒருவர் முன்விடுதலைக்கு மனுக்கொடுத்தால், அவருக்கென்று துலாவின் ஒரு பிரதி தொடங்கப்படும். தினம் ஒரு மணி நேரம் அவரோடு பேசும். மூன்று வருடம். கடைசியில் ஒரே ஒரு சொல் சொல்லும். 'தகுதி' என்றால் அவர் வீட்டுக்குப் போகலாம். 'தகுதியில்லை' என்றால் உயிரோடு இருக்கும்வரை மறுபடி கேட்க முடியாது. அதிகாரிகள் குழுவிடம் சிபாரிசு வேலை செய்கிறது என்று ஊரெல்லாம் கத்தியதால், சிபாரிசுக்குக் காது கொடுக்காத ஒன்றை அரசு கொண்டுவந்து வைத்தது.

உலகநாதனுக்குத் துலா நின்றுபோனதைவிட, நின்றதால் தனக்கு வந்த தொல்லைதான் பெரிதாக இருந்தது.

"ஏன் தம்பி, இவரு ஒருத்தரோடது நின்னா மத்த அறுபத்திமூணு பேருக்கும் ஏன் நிக்கணும்? பிளாக்குல ஒரு பய என்னைய நடக்க விட மாட்டேங்கான். எப்ப ஐயா சரியாவும், எப்ப ஐயா சரியாவும்னு. நான் என்ன இஞ்சினியருக்கா படிச்சிருக்கேன்?"

"எல்லாருக்கும் ஒரே மெஷின் சார். இவரோட பிரதி வாசல்ல நின்னுக்கிட்டு உள்ளயும் போகல, வெளியவும் வரல. அடுத்த ஆளு எப்படி நுழைவான்?"

"அப்பம் புடிச்சுத் தள்ளிர வேண்டியதுதான?"

"தள்ளலாம். மூணு வருஷமா இவர் பேசினது அத்தனையும் சேர்ந்து போயிரும்."

"எங்கனயாவது எழுதி வச்சிருக்கும்லா?"

"எழுதவே கூடாதுன்னு கோர்ட்ல சொல்லிட்டாங்க உலகநாதன்" என்றார் கோமதிநாயகி. "எழுதி வச்சா நாளைக்குப் போலீஸ் வந்து கேக்கும், வக்கீல் கேக்கும். அப்புறம் எந்தக் கைதி வாயைத் திறப்பான்? பேசுறது எல்லாம் அதோட நினைவுல மட்டும்தான் இருக்கும். முடிவு சொன்னதும் அதுவும் அழிஞ்சிடும். மூடினா இவர் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். இன்னொரு மூணு வருஷம்." மாசானமுத்துவைப் பார்த்தார். "ஏற்கெனவே பதினாலு ஆச்சு, இல்ல?"

"பதினாலே முக்கால், மேடம்" என்றார் மாசானமுத்து.

"பாவம்தான். என்ன பண்றது? நாலு மணிக்குள்ள மூடிடுங்க பிலவேந்திரன். சாயந்திரம் புது வெர்ஷன் ஏத்தறாங்க. அறுபத்துமூணு பேரை இனியும் காக்க வைக்க முடியாது."

"எதுக்காக நிக்குதுன்னு பார்த்துட்டுத்தான் மூடுவேன் மேடம்."

"சென்னையில பார்த்துட்டாங்களே. பதில் இல்லைன்னு ரிப்போர்ட் குடுத்திருக்காங்க."

"பதில் இல்லைங்கிறது அவங்களுக்குத் தெரிஞ்சது. ஏன் இல்லைன்னு நான் பார்க்கணும்."

அவன் குரலை உயர்த்தவில்லை. ஆனால் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து மேசையில் வைத்த விதத்தில், நான்கு மணி என்பதைத் தான் ஒரு கெடுவாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டான்.

அதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருடம் முன்பு வேறொரு சிறையில் இதே போல நின்றுபோன ஒரு பிரதியை அவன் எட்டு நிமிடத்தில் மூடினான். எட்டு நிமிடத்தில் முடித்ததற்காக நிறுவனத்தில் பாராட்டினார்கள். பிறகு இயந்திரத்தின் குறிப்பேட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்தப் பிரதி நின்றுபோகவில்லை. முடிவைச் சொல்லி, அச்சடிக்க அனுப்பிவிட்டு, காகிதத்துக்குக் காத்திருந்தது. அச்சு இயந்திரத்தில் காகிதம் தீர்ந்திருந்தது. அவ்வளவுதான். என்ன முடிவு என்பதும் அதோடு போயிற்று. அந்தக் கைதி மறுபடி முதலிலிருந்து பேசத் தொடங்கி, இரண்டாவது வருடத்தில் நெஞ்சு அடைத்துச் செத்துப்போனார். பிலவேந்திரன் அதற்காக அழவில்லை, குடிக்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. எது எதற்காகக் காத்திருக்கிறது என்று தெரியாமல் இனி எதையும் மூடுவதில்லை என்று முடிவுசெய்துகொண்டான். அந்த ஒரு விதியால் அவனுக்கு வேலைகள் குறைந்தன. மெதுவான ஆள் என்று பேர் வந்தது. வந்துவிட்டுப் போகட்டும்.

"திரையைத் தொடப்போறேன்" என்றான். "விதிப்படி நானும் இவரும் மட்டும்தான் இருக்கணும்."

கோமதிநாயகியும் உலகநாதனும் வெளியே போனார்கள். கதவின் கண்ணாடிச் சதுரத்தில் உலகநாதனின் தோள் தெரிந்தது. சத்தம் வெளியே போகாத அறை அது. கைதி எதையும் பேசலாம் என்பதற்காக அப்படிக் கட்டியிருந்தார்கள்.

பிலவேந்திரன் தன் மடிக்கணினியின் கம்பியைத் திரையில் செருகினான். துலா உள்ளே என்ன நினைக்கிறது என்று அவனால் பார்க்க முடியாது. நீதிமன்றம் அதையும் பூட்டிவிட்டது. வெளியிலிருந்து பார்க்கக்கூடிய சில எண்கள் மட்டும் வந்தன. அவற்றைப் பார்த்ததும் புருவத்தைச் சுருக்கினான்.

"அண்ணாச்சி, இது தொங்கல."

மாசானமுத்து தலையைத் தூக்கினார்.

"தொங்கின நிரல் ஒண்ணு செத்துக் கிடக்கும், இல்லன்னா ஒரே இடத்துல சுத்திச் சுத்தி மெஷினையே சூடாக்கிரும். இது ரெண்டும் இல்ல. அமைதியா உட்கார்ந்திருக்கு. எதுக்கோ காத்திருக்கு."

"அப்படியா?" என்றார் மாசானமுத்து. கேட்டவர் போலத் தெரியவில்லை. பேச்சை முடிக்கிறவர் போல இருந்தது.

பிலவேந்திரன் திரையில் திறந்திருக்கும் பெட்டிகளின் பட்டியலை எடுத்தான். மூன்று இருந்தன. ஒன்று துலாவின் பேச்சுப் பக்கம். ஒன்று வரவேற்பு அறிவிப்பு. மூன்றாவதற்குப் பெயர் இல்லை, துலா திறந்தது, சின்னது, சரியாக நடுவில் இருந்தது. திரையில் அவன் கண்ணுக்கு இரண்டுதான் தெரிந்தன.

எழுந்து கதவைத் திறந்தான்.

"மேடம், இந்த வரவேற்புப் பலகையை யார் வச்சது?"

"ஐ.ஜி. இன்ஸ்பெக்‌ஷன் வந்தாங்க. எல்லாத் திரையிலயும் முத்திரை தெரியணும்னு நான்தான் சொன்னேன். கம்ப்யூட்டர் செக்‌ஷன்ல ஒருத்தர் வச்சார். எது திறந்தாலும் இதுக்கு மேல வரக்கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லியிருந்தேன். ஏன்?"

"என்னைக்கு?"

"போன மாசம் பதினாலு. காலையில."

"துலா நின்னுபோச்சுன்னு நீங்க எழுதினதும் பதினாலுதான்."

கோமதிநாயகி திறந்த கதவு வழியாகத் திரையை எட்டிப் பார்த்தார். 

"அது முத்திரை தம்பி" என்றார் உலகநாதன். "அதை எடுக்கணும்னா எழுத்துல உத்தரவு வேணும்."

"எடுக்க வேண்டாம் சார். கொஞ்சம் நகர்த்துறேன். முத்திரை முத்திரையாவே இருக்கும்."

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தான். அறிவிப்பின் மேல் விரலை வைத்தான்.

"அத நகத்தாதீய தம்பி" என்றார் மாசானமுத்து.

பிலவேந்திரனின் விரல் அங்கேயே நின்றது.

"பின்னால என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"எப்படி?"

"பதிமூணாந்தேதி என் ஒரு மணி நேரம் முடியுற சமயத்துல வந்துச்சு. படிச்சேன். ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சுப் போயிட்டேன். மறுநா காலையில வந்து பாத்தா மேல இந்தப் பலவை கெடக்கு. ஒருத்தருக்கும் தெரியல. சரி, நல்லதாப் போச்சுன்னு இருந்துட்டேன்."

"பத்தொன்பது நாளா அறுபத்துமூணு பேர் உங்களால நிக்கிறாங்க."

"தெரியும் தம்பி. நான் அவங்க கூடத்தான சோறு திங்கேன்."

பிலவேந்திரன் அறிவிப்பைப் பக்கவாட்டில் இழுத்தான். மாசானமுத்து தடுக்கவில்லை. அதன் கீழிருந்து வெள்ளைப் பெட்டி ஒன்று வெளிப்பட்டது.

'நீங்கள் செய்யாத குற்றத்துக்காக இங்கே இருக்கிறீர்கள் என்று முடிவுக்கு வந்திருக்கிறேன். செய்யாத குற்றத்துக்கு ஒருவர் வருந்தியதாக என்னால் சொல்ல முடியாது. எனவே 'தகுதி' என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை. நீங்கள் அனுமதித்தால், நீங்கள் சொன்னதை நீதிமன்றத்துக்குத் தெரிவிப்பேன். அனுமதிக்காவிட்டால் 'தகுதியில்லை' என்று மட்டும் சொல்வேன். காரணம் சொல்ல மாட்டேன். பெருவிரலை வைத்துப் பதில் சொல்லவும். அவசரமில்லை. காத்திருக்கிறேன்.'

கீழே இரண்டு வட்டங்கள். ஆம். இல்லை.

அதைப் படிக்க அவனுக்கு உரிமை இல்லை. இரண்டு முறை படித்தான்.

"செஞ்சது யாரு அண்ணாச்சி?"

"எங்க அக்கா மவன். இசக்கிராசா." பெயரைச் சொன்னதும் மாசானமுத்து கண்ணாடிச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டார். "நான் லாரி ஓட்டுனேன். அவன் என்கூட வந்துக்கிட்டிருந்தான், இருபத்திரெண்டு வயசு. லோடு ஏத்துறதுல யாருக்கு மொதல்லன்னு புக்கிங் ஆபீசு வாசல்ல சண்ட. ஒரு புரோக்கர் இவன் சட்டையப் புடிச்சான். இவன் ஜாக்கி லிவர எடுத்து ஒரே போடு. நான் டீ குடிச்சிட்டு வாரேன், ஆளு கெடக்கான்."

"நீங்க ஏன்?"

"எம் மவளுக்கு அவன்தான் முறை. பேசி முடிச்சாச்சு. ஆவணியில கல்யாணம். அந்த லிவர வாங்கி என் கையில வச்சுக்கிட்டு நேரா ஸ்டேஷனுக்குப் போயிட்டேன். அவங்களும் மேக்கொண்டு ஒண்ணும் கேக்கல."

"கல்யாணம் நடந்ததா?"

"நடந்துச்சு. ரெண்டு பிள்ளைய."

"அவன் எப்படி இருக்கான்?"

மாசானமுத்து கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லலாமா என்று யோசித்தவர் போல இருந்தது.

"குடிக்கான். கை நீட்டுதான்னும் கேள்வி. அவ வந்தா சொல்ல மாட்டா. முகத்தப் பாத்தா தெரியும்லா."

"அப்புறம் எதுக்கு?" பிலவேந்திரன் மேசையில் கையை ஊன்றிக்கொண்டான். "எதுக்காக இன்னும் அவனைக் காப்பாத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க? பெருவிரலை வைங்க. ஒரு மாசத்துல வெளிய வந்துருவீங்க. அவன் உள்ள வரட்டும். உங்க மகளுக்கும் அதுதான் நல்லது."

"நீங்க நல்லா யோசிக்கிய தம்பி. நானும் யோசிச்சேன். அவனுக்காவ இல்ல. அந்தப் பிள்ளைய ரெண்டும் பள்ளிக்கூடம் போவுதுவ. அதுகளுக்குத் தாத்தன் கொலகாரன். அது ஊருக்குத் தெரிஞ்சது, அதுகளுக்கும் பழகிட்டு. இப்பம் போயி அப்பன்தான் கொலகாரன், தாத்தன் பொய்யன்னு சொன்னா அதுக திரும்ப மொதல்ல இருந்து பழகணும்."

"செத்தவன் வீட்டுக்கு என்ன சொல்றது?"

"அவங்களுக்கு உள்ள இருக்கதுக்கு ஒருத்தன் கெடச்சான். அது போதும்னு நெனச்சேன்." சற்று நிறுத்தி, "அது தப்புதான்" என்றார்.

"அப்ப 'இல்லை'ன்னு வைங்க."

"வச்சா சாவுற வரைக்கும் இங்கனதான். எனக்கு வெளிய வரணும் தம்பி. வர ஆச இல்லன்னு யாரு சொன்னா?"

பிலவேந்திரனுக்கு அப்போதுதான் முழுவதும் விளங்கியது. ஆம் என்றால் மருமகன் உள்ளே. இல்லை என்றால் இவரே உள்ளே, கடைசிவரை. மூன்றாவதாக ஒரு வட்டம் அந்தப் பெட்டியில் இல்லை. அது தன் கையில் இருக்கிறது.

"அடிச்சு மூடினா புதுசா ஒண்ணு ஆரம்பிக்கும்" என்றான். "அதுக்கு இதெல்லாம் தெரியாது."

"அதான் கேக்கேன்."

"மூணு வருஷம்."

"மூணு வருஷந்தான. இந்தத் தடவ ஒழுங்காச் சொல்லிருவேன். நான்தான் அடிச்சேன், தப்பு பண்ணிட்டேன், ராத்திரி தூக்கம் வரலன்னு. தகுதின்னு சொல்லிரும். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவாது."

"இதுகிட்ட ஏன் ஒழுங்காச் சொல்லல?"

"மொதல்ல ரெண்டு வருஷம் சொன்னேனே." மாசானமுத்து முதல்முறையாகத் திரையைப் பார்த்தார். "அது நல்லாக் கேக்கும் தம்பி. குறுக்க பேசாது. நேத்து நிறுத்துன எடத்த ஞாவகம் வச்சிருந்து, அதுக்கு மேல என்ன ஆச்சுன்னு கேக்கும். இங்கன எவன் கேக்கான்? ஒரு நா, அந்தச் சண்ட நேரத்துல நான் டீ குடிச்ச கதையச் சொல்லிக்கிட்டிருந்தேன். எந்தக் கடை, என்ன சீனி, கிளாசா கப்பான்னு கேட்டுச்சு. சொன்னேன். பெறவு அது ஒண்ணும் கேக்கல. நானும் ரெண்டு நாளு பேசல. மூணாம் நா நானே எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

வெளியே உலகநாதன் கண்ணாடியில் விரலால் தட்டி, கைக்கடிகாரத்தைக் காட்டினார். மணி ஒன்றரை. பிலவேந்திரன் கையை உயர்த்திப் பொறுக்கச் சொன்னான்.

"அண்ணாச்சி, நான் இப்ப வெளிய போய், இது தொங்கல, பதிலுக்குக் காத்திருக்குன்னு சொன்னா என்ன ஆகும் தெரியுமா? இன்னைக்கே நீங்க விரலை வைக்கணும். வைக்காட்டி 'இல்லை'ன்னு எடுத்துக்குவாங்க."

"தெரியும்."

"சொல்லாம மூடினா நான் பொய் எழுதணும்."

"ஆமா."

"நான் இதுக்குன்னு ஒரு விதி வச்சிருக்கேன்."

"எதுக்குக் காத்திருக்குன்னு பாத்துட்டுத்தான் மூடுவேன்னு சொன்னீய. பாத்துட்டீயள்லா?"

பிலவேந்திரன் அந்த மனிதனை வெறுத்தான். விடுதலையைக் கையில் பிடித்துக் கொடுத்தும் வேண்டாம் என்று சொல்ல இவனுக்கு என்ன உரிமை என்று கோபம் வந்தது. அந்த ஆளின் கைப்பெருவிரலைப் பிடித்து 'ஆம்' மீது அழுத்திவிட்டால் என்ன என்றும் ஒரு கணம் யோசித்தான். இரண்டு எட்டு வைத்தால் போதும். ஒல்லியான ஆள். திரை விரலைத்தான் பார்க்கும், யார் அழுத்தினார்கள் என்று பார்க்காது. ஒரு குற்றவாளி உள்ளே வருவான், ஒரு நிரபராதி வெளியே போவான், எல்லாம் சரியாகிவிடும்.

மாசானமுத்து அவனுடைய முகத்தைப் படித்திருக்க வேண்டும். மெதுவாக இரண்டு கைகளையும் மடக்கி, பெருவிரல்களை உள்ளே வைத்து மூடிக்கொண்டார்.

"எனக்கு விடுதலை வாங்கிக் குடுக்கணும்னு உங்களுக்கு ரொம்ப ஆசையா இருக்கு" என்றார். "அது எனக்காவத்தானா தம்பி?"

 காகிதம் தீர்ந்துபோன அச்சு இயந்திரத்தைப் பற்றி இந்த ஆளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் கேள்வி நேராக அங்கே போய் நின்றது.

 பிலவேந்திரன் அறிவிப்பை இழுத்துப் பழைய இடத்திலேயே வைத்தான். முத்திரை நடுவில் வந்தது. ஓரம் பிசகாமல் இருக்கிறதா என்று பின்னால் தள்ளி நின்று பார்த்தான். கதவைத் திறந்தான்.

"வாங்க மேடம். மூடிடலாம்."

"என்ன ஆச்சு? பலகையில ஏதாவது?"

"இல்ல மேடம். அது வெறும் பலகை."

கோமதிநாயகி மூச்சு விட்டது கேட்டது. அவர் மகஜர் படிவத்தை எடுத்து ஒவ்வொரு கேள்வியாக வாசித்தார். பிலவேந்திரன் சொல்லச் சொல்ல உலகநாதன் எழுதினார். ஏழாவது கேள்வி: நிரல் ஏதேனும் பதிலுக்காகக் காத்திருந்ததா?

"இல்லை" என்றான் பிலவேந்திரன்.

"கைதிக்கு ஆட்சேபணை உண்டா?"

"இல்ல, மேடம்" என்றார் மாசானமுத்து.

கண்காணிப்பாளரிடம் ஒரு சாவி, பராமரிப்பாளரிடம் ஒரு சாவி. இரண்டையும் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். திரும்பியதும் பட்டியல் வந்தது. அதில் 2217-க்கு எதிரே 'பதில் இல்லை' என்று சிவப்பில் இருந்தது. பிலவேந்திரன் அதைத் தொட்டான். சேமிக்கப்படாத அனைத்தும் அழியும், தொடரவா என்று இயந்திரம் கேட்டது. தொடர் என்றான். காத்திருக்கலாமே என்று இன்னொரு முறை கேட்டது. வலுக்கட்டாயமாக மூடு என்றான்.

ஆயிரத்துச் சொச்சம் மணி நேரப் பேச்சு. டீக்கடை, சீனி, கண்ணாடிக் கிளாஸ். சத்தம் எதுவும் வரவில்லை. பின்னால் இருந்த சாம்பல் நிறப் பக்கம் போய், வெறும் நீலத்தில் முத்திரை மட்டும் தனியாக நின்றது. இரண்டு வினாடியில் மற்ற அறுபத்துமூன்று எண்களும் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு வந்தன.

"ஏயப்பா, எல்லாம் ஓடுது" என்றார் உலகநாதன். "இதுக்குத்தானா இத்தன பாடு? நம்ம பிளாக்கு பயலுவ இன்னைக்குத்தான் என்னைய மனுசனா மதிப்பானுவ."

மாசானமுத்து கையெழுத்துப் போட்டார். எழுத்து நிதானமாக இருந்தது. பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது பிலவேந்திரனைப் பார்க்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. பிலவேந்திரனும் எதிர்பார்க்கவில்லை. உலகநாதன் அவரை முன்னால் விட்டுப் பின்னால் நடந்தார்.

கோமதிநாயகி பிலவேந்திரனை வெளிவாசல் வரை கொண்டுவிட வந்தார். முற்றத்தில் வெயில் வெள்ளையாகக் கிடந்தது. வேலை முடிந்த நிம்மதியில் அவருக்குப் பேச்சு வந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ரொம்ப நேரம் எடுத்தப்ப எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் நினைச்சுக்கிட்டேன், போன தடவை வந்த ஆளும் இவ்வளவு நேரம்தான் எடுத்தார்னு."

"எந்தப் போன தடவை மேடம்?"

"உங்களுக்குச் சொல்லலையா? இவருக்கு இது ரெண்டாவது. மூணு வருஷம் முன்னாடியும் கடைசி மாசத்துல இதே மாதிரி நின்னுபோச்சு. அப்ப பலகை கிலகை எதுவும் இல்ல. உங்க கம்பெனிதான், கண்ணாடி போட்ட ஒருத்தர் வந்தார். உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு ரெண்டு மணி நேரம். வெளிய வந்து, காத்திருக்கல, செத்துப்போச்சுன்னு எழுதிக் குடுத்துட்டு மூடிட்டுப் போனார். ராசியில்லாத மனுஷன். அந்த எண்ணையாவது மாத்திக் குடுக்கலாம்னு பார்க்கிறேன்."

'இந்தத் தடவ ஒழுங்காச் சொல்லிருவேன்' என்று உள்ளே கேட்டது நினைவுக்கு வர, பிலவேந்திரன் நின்றுவிட்டான்.

முற்றத்துக்கு அந்தப் பக்கம், இரண்டாம் பிளாக்கின் கம்பிக்கதவு முன்னால் உலகநாதன் சாவிக்கொத்தில் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். மாசானமுத்து அவரிடம் ஏதோ கேட்டார். வெறும் முற்றம் என்பதால் பேச்சு தெளிவாக வந்தது.

"நாளைக்கு எனக்கு எத்தன மணிக்கு, ஐயா?"

"புதுசுலா. மொத நா பத்து மணிக்குத்தான் இருக்கும்."

"பத்துதான? நேரத்த மாத்திர மாட்டாவள்லா?"

"மாத்த மாட்டாவ ஓய். உமக்கு என்ன அவசரம்? பேசுததுக்கு மூணு வருசம் கெடக்கு."

மாசானமுத்து சிரித்தார். கலைந்திருந்த தலைமுடியை உள்ளங்கையால் படிய வைத்துக்கொண்டார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார். தலையைக் குனிந்து கதவுக்குள் நுழைந்து, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

உலகநாதன் கதவை இழுத்துச் சாத்தினார். சாவியை இரண்டு சுற்றுத் திருப்பினார். பூட்டைப் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டார்.